வெளியூரில் நடக்கும் திருமணம் எந்தச் சட்டத்தைச் சேர்ந்தது?

தை பிறக்கும் முன்பே நம் அன்பர்கள் மண்டபம் தேடத் தொடங்கிவிடுகின்றனர். எந்த மண்டபத்தில் இலை போட்டுப் பரிமாற இசைவார்கள், நாதசுரக் குழு எங்கிருந்து வரும், வாழைமரத்தை யார் கொணர்ந்து கட்டுவர் என்றெல்லாம் வினாக்கள் வந்தவண்ணம் உள்ளன. இவற்றுக்குச் சங்கத்து மூத்தோர் விடையிறுத்துவிடுவர். ஆயின் ஒரு வினாவை மட்டும் பெண் வீட்டாரும் கேட்பதில்லை, பிள்ளை வீட்டாரும் கேட்பதில்லை. இம்மணம் எந்தச் சட்டத்தின்கீழ் நடைபெறப் போகிறது என்பதே அவ்வினா.

ஊரில் இவ்வினா எழாததற்குக் காரணம் உண்டு. அங்கே தாலி கட்டினால் தெருவே சாட்சி. நாற்பது ஆண்டு கழித்துக் கேட்டாலும், அந்தப் பந்தலில் தாம் சாப்பிட்டதைச் சொல்ல நால்வர் இருப்பர். மும்பையிலும் தில்லியிலும் நாக்பூரிலும் கரக்பூரிலும் வாழும் நமக்கு அத்தெரு இல்லை. விருந்துண்டவர் மாற்றலாகி வேறு மாநிலம் சென்றிருப்பர். தலைமை தாங்கிய பெரியவர் காலமாகியிருப்பார். எஞ்சுவன அழைப்பிதழ் ஒன்றும் புகைப்படங்கள் சிலவுமே.

நாம் ரயில்வே அலுவலகமொன்றில் தாள்களோடு காலங்கழிப்பவராதலின் இதன் விளைவை நேரிற் காண நேர்கிறது. நம்மவர் ஒருவர் பணியிலிருக்கையிலேயே இறந்துபோனார். சங்க மண்டபமொன்றில் பெரியவர் தலைமையில் மாலை மாற்றி, தாலி கட்டி மணந்தவர் அவர். மணத்தை எங்கும் பதிவு செய்யவில்லை. பணிப்பதிவேட்டில் மனைவியின் பெயரைச் சேர்க்கவும் இல்லை. பழைய தாளில் தாயின் பெயரே இருந்தது. அவ்வம்மையார் குடும்ப ஓய்வூதியம் கோரியபோது, கணவரின் உடன்பிறந்தவரே மணம் நடக்கவில்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டார். அலுவலகம் என்ன செய்யும்? நீதிமன்றத்துக்குச் சென்று தீர்ப்புப் பெற்று வருக என்றது. அழைப்பிதழையும் படத்தையும் எடுத்துக்கொண்டு அவர் அலைந்தார். பணம் கைக்கு வருமுன் மூத்த மகன் பள்ளியை விட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

இந்த அம்மையாரின் மணம் ஒழுக்கத்திலோ அன்பிலோ குறைவுடையதன்று. குறை அது நடந்த இடத்தில் இருந்தது. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

புரோகிதரின்றித் தமிழில் நிகழும் சுயமரியாதைத் திருமணங்கள் 1928 முதற்கொண்டு பெரியாரின் இயக்கத்தால் தமிழ்நாட்டில் பரவின. ஆயினும் சட்டம் அவற்றை நெடுங்காலம் ஏற்கவில்லை. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மணமொன்று செல்லாதென்று தீர்ப்பளித்தது. 1955-இல் வந்த இந்து திருமணச் சட்டமும், மணமக்களுள் ஒருவரது வழக்கப்படியான சடங்குகளுடன் மணம் நடைபெற வேண்டுமென்றே 7ஆம் பிரிவிற் கூறியது. பதினாயிரக்கணக்கான குடும்பங்கள் மனத்தில் ஐயத்தோடு வாழ்ந்தன. 1967-இல் அண்ணா முதலமைச்சரானதும் அச்சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்க்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தாமறிந்த மொழியில் கூறினாலோ, மாலை அணிவித்தாலோ, விரலில் மோதிரமிட்டாலோ, தாலி கட்டினாலோ மணம் முற்றுப்பெறும் என்பது அப்பிரிவு. முன் நடந்த மணங்களையும் அது செல்லத்தக்கனவாக்கிற்று. தாலி கட்டியதே போதும், ஏழடி எடுத்து வைத்தல் கட்டாயமன்று என 2001-இல் உச்சநீதிமன்றமும் இப்பிரிவின்படி உரைத்தது.

ஆனால் அது தமிழ்நாட்டுச் சட்டமன்றம் செய்த திருத்தம். மராட்டியத்திலோ தில்லியிலோ மேற்கு வங்கத்திலோ நடக்கும் மணத்துக்கு அது துணை வராது. அங்கெல்லாம் பழைய 7ஆம் பிரிவே நிற்கிறது. மாலை மாற்றுதலும் தாலி கட்டுதலும் எங்கள் குலத்து வழக்கமே என்று சான்று காட்டி நிலைநாட்டலாமேயொழிய, 7-அ பிரிவைச் சுட்டி வழக்காட இயலாது. விழுப்புரத்தில் ஐயமின்றிச் செல்லும் மணம், அதே தாலி, அதே சொற்கள், அதே பெரியவர் தலைமை என்றிருந்தும், தாராவியில் வழக்குக்கு இடந்தருகிறது. நம் சங்கங்களின் மேடையில் எத்தனையோ மணங்கள் இவ்வாறு நடந்துள்ளன. நடத்தி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்று நமக்குத் தோன்றவில்லை.

எனின், சடங்கு வேண்டாதவர் வெளி மாநிலத்தில் மணம் செய்தல் எவ்வாறு? 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் அதற்கெனவே உள்ளது. மக்கள் ரிஜிஸ்தர் கலியாணம் என்று வழங்குவது இதனையே. வீட்டை விட்டு ஓடிப்போனவர்க்கே அது உரியதென்று நம் பெரியோர் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. மணமக்கள் தாம் விரும்பும் எந்த முறையிலும் மணத்தை நிகழ்த்தலாமென்றே அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. அதிகாரியும் சாட்சிகள் மூவரும் உடனிருக்க, ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாக இருவரும் தமக்குத் தெரிந்த மொழியிற் சொல்லவேண்டும் என்பதொன்றே நிபந்தனை. அம்மொழி தமிழாயிருக்கலாம். அப்பொழுதே தாலி கட்டலாம், மாலை மாற்றலாம், திருக்குறள் ஓதலாம். கூடுதற் கட்டணம் செலுத்தினால் அலுவலகத்திலிருந்து அணிமையிலுள்ள மண்டபத்துக்கே அதிகாரி வருவதற்கும் சட்டத்தில் இடமுண்டு.

இதற்கு வேண்டுவது முன்யோசனை. மணமக்களுள் ஒருவரேனும் அறிவிப்புக் கொடுக்கும் நாளுக்கு முன் 30 நாட்கள் அம்மாவட்டத்தில் தங்கியிருத்தல் வேண்டும். மற்றவர் ஊரிலேயே இருக்கலாம். அறிவிப்பு 30 நாட்கள் ஒட்டிவைக்கப்படும். அதன்பின் மணம் நடக்கலாம். அறிவிப்புக் கொடுத்து 3 மாதங்களுக்குள் நடவாவிடின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். ஆகவே முகூர்த்தத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் முன்பு அறிவிப்பைக் கொடுத்துவிடுதல் தக்கது. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முன்னரே மணமாகித் துணையை இழந்தவராயின் இறப்புச் சான்றும், மணமுறிவு பெற்றவராயின் தீர்ப்பின் நகலும் உடன் வைத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றை மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். மணமக்களுள் ஒருவருக்கு நிலையான இருப்பிடம் வேறு மாவட்டமாயின், அறிவிப்பின் நகல் அம்மாவட்டத்து அதிகாரிக்கும் அனுப்பப்பட்டு அங்கேயும் ஒட்டப்படும். தில்லியில் கொடுத்த தாள் திருநெல்வேலியில் சுவரேறும். இரு வீட்டாரும் உடன்பட்ட மணத்தில் இதனால் தீங்கொன்றுமில்லை. சாதியையோ சமயத்தையோ தாண்டி மணக்கும் இளைஞர்க்கு இதுவே பெரும் இடர்; பெற்றோர்க்கு முன் ஊரார் அறிந்து, பேசக் கூடாதன பேசி, சில இடங்களில் உயிருக்கே ஊறு செய்யத் துணிகின்றனர். 2021 சனவரியில் அலகாபாத் உயர்நீதிமன்றம், மணமக்கள் எழுதிக் கேட்டாலன்றி இவ்வறிவிப்பை வெளியிட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. பிற மாநிலங்களில் இருப்போர் அதனை நம்பி இறங்காமல் வக்கீலைக் கலந்துகொள்க. அவ்விளைஞர் வீட்டுப் பெரியோர்க்கு நாம் சொல்வது: பிள்ளைகள் வாய்திறந்து கேட்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சுவரிற் படித்தறிவது உங்களுக்கும் அழகன்று.

ரிஜிஸ்தர் செய்தால் பிதுரார்ஜிதத்தில் பங்கு போய்விடும் என்றொரு அச்சமும் பரவியுள்ளது. ஒருகாலத்தில் அதற்கு அடிப்படை இருந்தது; இச்சட்டப்படி மணந்த இந்து, கூட்டுக்குடும்பத்தினின்றும் பிரிந்தவராகக் கருதப்பட்டார். 1976-இல் சேர்த்த 21-அ பிரிவின்படி, இருவரும் இந்துக்களாயின் அவ்விதி பொருந்தாது. சமயம் வேறுபடின் இன்றும் பொருந்தும்.

இனி நம்மவர்க்கேயுரிய மற்றொரு சிக்கல். முறைமாப்பிள்ளை, முறைப்பெண் என்னும் சொற்கள் நமக்கு இனியவை. மாமன் மகளும் அத்தை மகனும் மணப்பதையும், சில குடும்பங்களில் அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதையும் இயல்பாகவே கொள்கிறோம். வடநாட்டு அண்டை வீட்டார் இதைக் கேட்டுத் திகைப்பர். அவர்களுக்கு அவ்விருவரும் அண்ணன் தங்கை. மருத்துவ நோக்கில் இது நன்றா தீதா என்பது மருத்துவர் பேசவேண்டிய பொருள்; சட்டம் என்ன சொல்கிறதென்பதே இங்கு நம் வேலை. இந்து திருமணச் சட்டத்தில் இவ்வுறவுகள் யாவும் விலக்கப்பட்ட உறவுகளாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. ஆயினும் இருவரது குடும்ப வழக்கமும் இடந்தருமாயின் மணம் செல்லும் என்னும் விலக்கையும் அச்சட்டமே தருகிறது. தென்னாட்டினர் மணங்கள் அவ்விலக்கின் நிழலிலேதான் நிற்கின்றன.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் அந்த நிழல் மிகச் சிறிது. அதிலும் 1963-இல் வழக்கத்துக்கு இடங்கொடுக்கும் ஒரு விதி சேர்க்கப்பட்டது; ஆயின் அவ்வழக்கம் மாநில அரசு தன் அரசிதழில் அறிவித்த வழக்கமாயிருத்தல் வேண்டும். அத்தகைய அறிவிக்கையைக் காட்ட இயலாத இடத்தில் அதிகாரி மாமன் மகளையும் அத்தை மகனையும் திருப்பியனுப்பியே தீருவார். அவர்மீது சினந்து பயனில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, அழைப்பிதழும் அச்சிட்டபின் இதனை அறிவோர் படும்பாடு சொல்லுந்தரமன்று.

ஆகவே முறை உறவில் மணம் முடிப்போர், இந்து திருமணச் சட்டத்தின்கீழ், தம் வழக்கப்படியான சடங்குகளுடன் மணத்தை நடத்தி, அச்சட்டத்தின்படியே பதிவும் செய்துகொள்க. தம் குடும்பத்தில் இதற்குமுன் நடந்த இவ்வகை மணங்களைக் குறிப்பிட்டு வயதிற் பெரியவர் இருவர் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தருதல் பிற்காலத்துக்கு நன்று. முறை உறவுமாய், சுயமரியாதை மணமும் வேண்டுமெனில் வெளி மாநிலத்தில் இரண்டு வாயிலுமே ஐயத்துக்குரியவை. அவர்கள் ரயிலேறித் தமிழ்நாடு சென்று மணம் முடித்து வருவதே செம்மை. செலவு சற்றுக் கூடும். ஆயினும் நீதிமன்றச் செலவை நோக்க அது சிறிதே.

கிறித்தவ அன்பர்க்கு 1872ஆம் ஆண்டின் கிறித்தவத் திருமணச் சட்டம் நாட்டின் பெரும்பகுதியில் ஒன்றாகவே பொருந்துவதால் இத்துணைத் தொல்லை இல்லை. கோயிலில் ஓலை வாசிக்கச் சொந்தப் பங்கிலிருந்து கடிதம் வருவித்தால் போதும். இசுலாமிய அன்பர் நிக்காஹ் ஏட்டின் நகலைப் பெற்று, அதனை மாநிலப் பதிவிலும் சேர்த்துக்கொள்க.

நிற்க. பதிவுச் சான்று இருந்தாலே மணம் நடந்ததாகிவிடும் என்று நம்புவோர்க்கு ஒரு செய்தி. வெளிநாடு செல்லும் பிள்ளைக்கு விசா வேண்டுமென்று முன்கூட்டியே ஒரு சான்றிதழ் வாங்கிவைத்து, ஆறு திங்கள் கழித்து நல்ல நாளில் கலியாணம் செய்யும் வழக்கம் நம்மிடையேயும் புகுந்துள்ளது. 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் விமானிகள் இருவரது வழக்கில் இதனை ஆராய்ந்தது. சடங்கு நடவாமல் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பெற்ற சான்று மணத்தை உண்டாக்காதென்றும், அவ்விருவரும் கணவன் மனைவியரே அல்லரென்றும் தீர்ப்பாயிற்று. மணம் முதலில், பதிவு பின்னர். முன்னரே சான்று வேண்டுமாயின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணத்தையே அன்று முடித்துவிடுதல் வேண்டும். பின்னர் நடப்பது உறவினர் கூடும் விழாவாகும். ஆரிய சமாஜக் கோயில்களில் வேள்வியும் ஏழடியும் நிகழ்வதால் அங்கு நடப்பது மணமே. ஆயினும் அவர்கள் தரும் தாள் அரசுப் பதிவன்று.

ஊரில் மணம் முடிப்போர் கவனிக்கவேண்டியது நாட்கணக்கு. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். பதினைந்து நாள் விடுப்பிற் சென்று, மறுவீட்டு விருந்தும் குலதெய்வப் பொங்கலும் முடித்து, பதிவை அடுத்த பயணத்துக்கு ஒத்திவைத்துத் திரும்புகின்றனர். அடுத்த பயணம் ஓராண்டு கழித்தே வரும். விருந்துகளுள் ஒன்றைக் குறைத்துவிட்டு ஒரு முற்பகலை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒதுக்குக.

முன்னரே இங்கு மாலை மாற்றி மணந்து, பதிவின்றிப் பல்லாண்டு வாழ்ந்துவருவோரும் அஞ்சவேண்டா. சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஏதேனும் ஒரு முறையில் மணச்சடங்கு நடந்து, அன்றுமுதல் கூடி வாழ்பவர், தாம் 30 நாட்களாக வசிக்கும் மாவட்டத்தில் அம்மணத்தைப் பதிந்துகொள்ள இடந்தருகிறது. இதற்கும் 30 நாள் அறிவிப்பு உண்டு. பதியும்போது இருவருக்கும் 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். சடங்குக்குப்பின் பிறந்த மக்களின் பெயர்களும் சான்றில் ஏறும். முறை உறவினர்க்கு இவ்வாயிலும் அடைபட்டதே என்பதை மறவற்க. அறுபது வயதில் போய் ரிஜிஸ்தர் செய்வதா என்று நாணுவோர் உளர். மனைவிக்குப் புடவை எடுக்க நாணாதவர் இதற்கு ஏன் நாணவேண்டும்?

பெயரைப் பற்றி ஒரு சொல். வடநாட்டுப் படிவங்களில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் இருக்கும். நமக்கோ இருப்பது முன்னெழுத்து மட்டும். ஓரிடத்தில் தந்தை பெயரை விரித்தெழுதியும், மற்றோரிடத்தில் ஊர்ப் பெயரைச் சேர்த்தும், மணப்பெண்ணுக்குக் கணவன் பெயரை ஒட்டியும் ஒட்டாமலும் எழுதுவதால் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். பள்ளிச் சான்று, ஆதார், மணச்சான்று மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருத்தல் வேண்டும். வேறுபாடிருப்பின் மணத்துக்கு முன்பே திருத்திக்கொள்க. அலுவலகத்தில் நாம் காணும் தகராறுகளிற் பல சொத்தாலும் சாதியாலும் வருவன அல்ல. ஓர் எழுத்தால் வருவன.

மண்டபம் கேட்டெழுதிய அன்பர்களையும் வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. வடநாட்டார் ஆடி ஏகாதசி தொடங்கிக் கார்த்திகை ஏகாதசி வரை நான்கு திங்கள் திருமணம் செய்யார். நமக்கோ ஆவணியில் நல்ல முகூர்த்தங்கள் உண்டு. அக்காலத்தில் தில்லியிலும் கான்பூரிலும் மண்டபங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். வாடகையைப் பேசிக் குறைக்கலாம். மும்பை அன்பர்க்குப் பூவும் இலையும் தாலிக்கயிறும் மாதுங்காவில் எந்நாளும் கிடைக்கும்.

சாட்சிகளைத் தேர்வதில் மட்டும் முகதாட்சணியம் வேண்டா. பெரியப்பாவும் தாய்மாமனும் முதலில் கையெழுத்திட வேண்டுமென்று வீட்டிற் சொல்வார்கள். அவர்கள் அன்றிரவே ஊருக்கு வண்டியேறிவிடுவர். முதுமையாலும் நெடுநாள் துணைநிற்க இயலாது. அவர்களுக்கு மேடையில் முதல் இருக்கையும் முதல் ஆசியும் கொடுங்கள். கையெழுத்திடும் மூவரும் நீங்கள் வாழும் நகரிலேயே வேலையுடையவராய், உங்களினும் வயதிற் குறைந்தவராய், கூப்பிட்டால் நீதிமன்றப் படியேறி வரக்கூடியவராய் இருக்கட்டும்.